விடை சரி, கட்டம்தான் போதவில்லை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் திருப்பி அனுப்பிய கவர் நேற்று வந்தது. லண்டன் நண்பர் கொண்டுவந்த சனிக்கிழமை டைம்ஸிலிருந்து நான் வெட்டி அனுப்பிய லிசனர் என்ற ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர் உள்ளே இருந்தது. ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் பதினோரு விடைகள். கட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அடியில் ஒரே வரி: "இது குறுக்கெழுத்து இல்லை, வருமான வரி படிவம்."

சிரித்தேன். அப்புறம் விடைகளைச் சரிபார்த்தேன். பதினொன்றும் சரி, சித்தப்பா! அந்தக் கட்டத்தில் விடையை அப்படியே எழுதக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். "எல்லாமே ஓர் எழுத்து அதிகம், அச்சுப் பிழை" என்று குறித்திருக்கிறீர்களே, அந்தப் பிழைதான் புதிர்.

ஞாயிற்றுக்கிழமை ஹிந்துவில் வரும் புதிர் லண்டன் அப்சர்வர் பத்திரிகையின் எவ்ரிமேன் புதிர் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். அதே அப்சர்வரில் அதைவிடக் கடினமான இன்னொரு புதிர்ப் பரம்பரையும் உண்டு. 1926இல் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் ஒருவர் தொடங்கினார். 1939இல் அவர் இறந்ததும் சிமெனிஸ், 1972இல் அசெட். முதல் இரண்டும் ஸ்பெயினில் மதவிசாரணை என்ற பெயரில் மக்களை வதைத்த அதிகாரிகளின் பெயர்கள். மூன்றாவது, டேசா என்ற இன்னொரு விசாரணையாளரின் பெயரைத் திருப்பிப் போட்டது. புனைபெயரிலேயே எச்சரிக்கை கொடுத்துவிடுகிறார்கள்.

லிசனர் புதிர் 1930இல் பிபிசியின் வாரப் பத்திரிகையில் தொடங்கியது. 1991இல் பத்திரிகை நின்றுபோனது, புதிர் மட்டும் டைம்ஸுக்குக் குடிபெயர்ந்தது. இதில் கருப்புக் கட்டங்கள் கிடையாது, தடித்த கோடுகள்தான் சொற்களைப் பிரிக்கும். மேலே ஒரு முன்னுரை இருக்கும், உங்கள் வருமான வரி படிவம். ஒவ்வொரு குறிப்பிலும் உபரியாக ஓர் எழுத்து கிடைக்கும், சேர்த்து வை என்று ஒரு வாரம் சொல்லும். சில விளக்கங்களில் வேண்டுமென்றே எழுத்துப் பிழை இருக்கிறது, கண்டுபிடி என்று இன்னொரு வாரம். குறிப்பே இல்லாத இடங்களும் உண்டு, அவற்றைக் கருப்பொருள் தெரிந்த பிறகுதான் நிரப்பமுடியும். வருடத்துக்கு நான்கு முறை சொல்லே இல்லாமல் முழுக்க எண்கள். அதை மட்டும் நான் தொடுவதில்லை.

ஆங்கிலத்தில் விளக்கினால் உங்களுக்குத் தெரிந்ததையே சொன்னதாகும். நம் எழுத்திலேயே ஒன்று கட்டிப் பார்த்தேன்.

முதல் குறிப்பு (அடைப்புக்குள் விடையின் எழுத்து எண்ணிக்கை): "சோலையைப் பரப்பு, குடகில் பிறந்தவள் (3)". கா என்றால் சோலை, பரப்பு என்றால் விரி. காவிரி. உங்களுக்கு இரண்டு நொடி ஆகியிருக்காது. இரண்டாவது: "அரை ரிஷியின் தலை, தேவாலயத்தில் தெரிபவர் (3)". அரை என்பது பாதி, ரிஷியின் தலை ரி. பாதிரி. மூன்றாவது சும்மா ஒரு நேர்க்குறிப்பு: "துருவிப் பார் (3)". ஆராய்.

இப்போது கட்டத்தைப் பார்த்தால் மூன்றில் ஒவ்வொன்றுக்கும் இரண்டே இடம். பேனாவை மூடிவைக்கிற நேரம் இதுதான். மூடாமல் இருந்தால்? நடு எழுத்தை எடுத்துப் பாருங்கள்: காரி, பாரி, ஆய். கடையெழு வள்ளல்கள்! ஏன் ஓர் எழுத்து குறைகிறது? கொடுத்துவிட்டார்கள், வேறென்ன. தேரையே முல்லைக்குக் கொடுத்தவனுக்கு ஓர் எழுத்து பெரிதா?

அந்தக் கடைசி 'ஏன்' இருக்கிறதே, அதற்குத்தான் நான் இந்தப் புதிர்களில் சனிக்கிழமைகளைத் தொலைக்கிறேன். விதி ஒரு தந்திரமாக மட்டும் இருந்தால் எனக்கும் சலிப்புத்தான். விதியும் கருப்பொருளும் ஒன்றாகும்போது நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். (நல்ல அமைப்பாளர் என்றால் கொடுத்த எழுத்துகளும் சேர்ந்து ஒரு வாக்கியமாகியிருக்கும். எனக்கு அந்தத் திறமை இல்லை. பேகனுக்குச் சொல்லே கிடைக்கவில்லை.)

"கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறார்கள்" என்று போனில் சொன்னீர்கள். சிலர் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்டியன் பத்திரிகையின் புதிர் அமைப்பாளர் அராகேரியாவை நினைத்துப் பாருங்கள். ஜான் கிரஹாம் என்ற பாதிரியார், 90 வயதைத் தாண்டியவர். 2013 ஜனவரியில் வந்த ஒரு புதிருக்கு முன்னுரையாக, அராகேரியாவுக்கு 19இல் 18 இருக்கிறது, 13-15 சிகிச்சை நடக்கிறது என்று எழுதினார். வாசகர்கள் வழக்கம்போல பென்சிலோடு உட்கார்ந்தார்கள். 18ஆம் குறிப்பின் விடை புற்றுநோய். 19 உணவுக்குழாய். 13-15 வலிதணிப்புப் பராமரிப்பு. ஒவ்வொரு விடையாக நிரப்பி, செய்தியை அவர்களே தங்கள் கையால் எழுதித் தெரிந்துகொண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அவர் இறந்தார். இதை வேறு எந்த வடிவத்தில் இப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை.

சரி, அடுத்த புதிர் இதோடு இருக்கிறது. முதலில் பேனாவை ஒதுக்கிவிட்டு பென்சில் எடுங்கள். முன்னுரை முதல் வாசிப்பில் புரியாது, எனக்கும் புரியாது; பாதி விடை வந்தபிறகு திரும்பப் படியுங்கள். சேம்பர்ஸ் அகராதியைப் பார்ப்பது இங்கே குற்றம் இல்லை, ஹிந்து புதிருக்கு நீங்கள் போட்ட சட்டம் இதற்குச் செல்லாது. கடைசிச் சொல்லை நிரப்பியதும் காபி குடிக்கப் போய்விடாதீர்கள். பெரும்பாலும் அப்போதுதான் ஒரு பெயரைத் தேடு, சில எழுத்துகளை மாற்று என்று இன்னொரு வேலை தொடங்கும். போன மாதம் நான் அங்கேதான் ஓர் எழுத்தில் கோட்டைவிட்டேன். லிசனரில் கிட்டத்தட்ட சரி என்பது கிடையாது. ஓர் எழுத்து தப்பினால் மொத்தமும் தப்பு.

முடிந்தால் ஞாயிறு மாலை கூப்பிடுங்கள், சித்தியையும் கேட்டதாகச் சொல்லுங்கள். அதுவரை என் வள்ளல் கட்டத்தில் இன்னும் ஒன்று: "சீதையை மயக்கியது (6)". இடம் ஐந்துதான்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்