முதலில் ஆண்டைப் பார், கயல்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டு உரிமையாளர் விட்டுப்போன ஆறு பெட்டி, நூற்று நாற்பது புத்தகம், அதில் ஒரு கதைப் புத்தகம்கூடக் கிடையாது. வருமான வரிக்குப் பக்கத்தில் பறவைகள், பறவைகளுக்கு மேல் ஊறுகாய், ஊறுகாய்க்கு அடியில் சோழர் வரலாறு. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று கேட்டிருக்கிறாய்.

தலைப்பைப் பார்த்துப் பிரிக்காதே, ஆண்டைப் பார்த்துப் பிரி. நாவலுக்கு வயசானால் ஒன்றும் கெட்டுவிடாது. இந்த மாதிரிப் புத்தகங்கள் கெடும், அதுவும் துறைக்குத் துறை வேறு வேகத்தில். சிலது ஐந்து வருஷத்தில் செத்துப்போகும். சிலது அறுபது வருஷம் ஆனாலும் அசையாது. சிலது பாதி செத்து, பாதி உயிரோடு இருக்கும். இந்த மூன்றாவது வகையில்தான் கவனம் வேண்டும்.

தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பார். ‘ஏழாம் பதிப்பு 2016’ என்று இருந்தால் உடனே நம்பிவிடாதே. மறு அச்சையும் ‘பதிப்பு’ என்றே போடுகிற பழக்கம் நம் பதிப்பகங்கள் பலவற்றுக்கு உண்டு. முன்னுரைக்கு அடியில் இருக்கும் தேதியையும், புத்தகத்துக்குள் வருகிற ஆகக் கடைசி ஆண்டையும் சேர்த்துப் பார். கடைசி அத்தியாயத்தைப் புரட்டினால் இரண்டு நிமிஷத்தில் அகப்படும். அந்த ஆண்டைத்தான் முதல் பக்க மூலையில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா வேண்டாம், மை பின்பக்கம் ஊறும்.

ஆண்டே போடாத புத்தகமும் நாலைந்து இருக்கும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது, அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. ‘சென்னை மாநிலம்’ என்று நிகழ்காலத்தில் எழுதியிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். பதிப்பகத்தின் முகவரி ‘சென்னை-17’ என்று முடிந்தால் 1972 ஆகஸ்டில் ஆறிலக்க பின்கோடு வருவதற்கு முந்தியதாக இருக்கலாம். ‘லை’, ‘னை’ எழுத்துகளில் யானைத் தும்பிக்கை போல வளைவு தெரிந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. ஆனால் எல்லா அச்சகமும் பழைய ஈய எழுத்தை மறுநாளே உருக்கிவிடவில்லை, எண்பதுகளிலும் அது ஓடியது. பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். பதின்மூன்று இலக்கமாக இருந்தால் அனேகமாக 2007க்குப் பிந்தியது. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதே, இரண்டு சேர்ந்து வந்தால் நம்பு.

சட்டம், வரி இரண்டும் சீக்கிரம் சாகிறவை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்றிருந்தது இப்போது 103, மோசடிக்கு 420 என்றிருந்தது 318. (வாய்ப்பேச்சில் 420 இன்னும் நூறு வருஷம் ஓடும், அது வேறு.) அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான் என்பதால் வக்கீலுக்குப் பழைய புத்தகம் வேண்டும், உனக்கு வேண்டாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல். ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரட்டைக் கணக்கே போய் ‘வரி ஆண்டு’ என்று ஒன்றாகிவிட்டது. 1986 சட்டத்தை வைத்து எழுதிய நுகர்வோர் கையேடும் 2019 சட்டம் வந்ததோடு சரி. இதெல்லாம் நேரே பழைய பேப்பர் கடைக்கு.

பாதி செத்த வகையில் மருத்துவமும் விவசாயமும் முதலில் வரும். ‘வீட்டில் முதலுதவி’ என்ற பச்சை அட்டை ஒன்று படத்தில் தெரிகிறது. பாம்புக்கடிப் பக்கத்தைத் திற. இறுக்கக் கட்டு, கீறு, உறிஞ்சு என்று இருந்தால் அந்தப் புத்தகம் வீட்டிலேயே இருக்கக் கூடாது. கட்டினால் அந்த உறுப்புக்கு ரத்தம் போகாமல் அழுகும், கீறினால் ரத்தம் நிற்காது, உறிஞ்சினால் விஷம் வெளியே வராது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் இன்றைய முறை. மயங்கி விழுந்து மூச்சும் நின்றவருக்கு முதலில் வாயில் ஊதச் சொல்லும் புத்தகமும் பழசு. 2010க்குப் பிறகு பெரியவர்களுக்கு நெஞ்சை அழுத்துவதுதான் முதல் வேலை: நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 செ.மீ. ஆழம், 6ஐத் தாண்டாமல், முப்பது அழுத்தலுக்கு இரண்டு ஊதல். குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துத் தூங்கவிடு என்கிற வளர்ப்பு நூலையும் கழி. மல்லாந்துதான் தூங்க வேண்டும்.

அதே புத்தகத்தில் வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று இருந்தால் அது இன்றும் சரி. அதற்காக மற்ற பக்கங்களைக் கிழித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அந்தக் குறிப்பை உன் நோட்டில் எழுதிக்கொண்டு புத்தகத்தைக் கழி. முதலுதவி நூலை ஆபத்தில் அவசரமாகத் திறப்பார்கள், அச்சான ஆண்டை அப்போது யாரும் பார்க்க மாட்டார்கள்.

விவசாயப் புத்தகங்களில் விதை, நாற்று, மண், பாத்தி, நீர்பாய்ச்சல் பகுதி நன்றாகவே இருக்கும். பூச்சி அத்தியாயம்தான் கண்ணிவெடி. டி.டி.டி., பி.எச்.சி. தூள், எண்டோசல்பான் என்று வரிக்கு வரி வரும். விவசாயத்தில் டி.டி.டி. 1989லும் பி.எச்.சி. 1997லும் தடையாகிவிட்டன, எண்டோசல்பானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. நீ இருக்கிற கேரளத்தில் அதன் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் ‘தடை’ என்று பென்சிலால் எழுதிவிட்டு மீதியை வைத்துக்கொள். மோட்டார் சைக்கிள் பழுது நூலுக்கும் இதே வைத்தியம்: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அனேகமாக கார்புரேட்டர் இல்லை, செயின் இறுக்கும் பக்கம் மட்டும் பயன்படும்.

இனி சாகாதவை. அந்த ஊறுகாய்ப் புத்தகம் இந்த ஆறு பெட்டியிலும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அறுபதுகளுக்கு முந்தியதாக இருந்தால் அளவு பலத்தில் இருக்கும். ஒரு பலம் சுமார் 35 கிராம், எட்டுப் பலம் ஒரு சேர், அதாவது 280 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. மூன்று தோலா சேர்ந்தால் ஒரு பலம். முகத்தலில் ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, ஒரு உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. படி மட்டும் ஊருக்கு ஊர் மாறும், ஆகவே மில்லிலிட்டருக்கு மாற்றி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. ஏதாவது ஒரு டம்ளரை ஆழாக்கு என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலேயே அள. விகிதம் சரியாக இருந்தால் ருசி சரியாக வரும். எடையும் முகத்தலும் கலந்து வருகிற குறிப்பில் மட்டும் அந்தத் தந்திரம் பலிக்காது: ‘ஒரு படி மாங்காய்த் துண்டுக்கு ஐந்து பலம் உப்பு’ என்றால் துண்டை முதலில் நிறுத்துப் பார்த்துவிடு. உப்பு குறைந்தால் ஊறுகாய் மேலே பூசணம் கட்டும்.

நட்சத்திர வரைபட நூல் 1950க்கு உரியதாக இருந்தாலும் வைத்துக்கொள். பூமியின் அச்சு தள்ளாடுவதால் வானத்துக் கட்டங்கள் நகர்வது 72 வருஷத்துக்கு ஒரு டிகிரிதான், அதாவது இரண்டு முழுநிலா அகலம். மொட்டைமாடியில் வெறுங்கண்ணால் பார்க்கிறவளுக்கு அது தெரியவே தெரியாது. கிரகங்கள் பகுதி மட்டும் பழசாகியிருக்கும். புளூட்டோ 2006 ஆகஸ்டில் கிரகப் பட்டியலை விட்டுப் போனது. சனிக்கு ஒன்பது பத்து நிலா என்று போட்டிருக்கும், 2025 மார்ச் கணக்கில் 274. பறவை நூலில் அறிவியல் பெயர்கள் மாறியிருக்கும். நம் தவிட்டுக்குருவியை ‘டர்டாய்டஸ்’ பேரினத்திலிருந்து ‘ஆர்க்யா’வுக்கு மாற்றிவிட்டார்கள். குருவி மாறவில்லை, படமும் மாறவில்லை.

வரலாற்று நூலை வேறு மாதிரி பார்க்க வேண்டும். முடிவுகள் பழசாகும், சான்றுகள் ஆகாது. கீழடியில் அகழாய்வு தொடங்கியது 2014-15இல்தான், அதற்கு முந்திய நூலில் வைகைக் கரை நகர வாழ்வு பற்றி இருப்பது ஊகம். ஆனால் அடிக்குறிப்பில் ‘1912ஆம் ஆண்டு, 117ஆம் எண்’ என்கிற மாதிரி கல்வெட்டு எண் கொடுத்திருந்தால், ஆசிரியர் சொல்வதை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அந்தக் கல்வெட்டை நீயே தேடிப் போகலாம். அடிக்குறிப்பே இல்லாத வரலாற்று நூலை, அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், எனக்கு வைத்துக்கொள்ள மனசு வராது.

பெட்டிகளை உன் அலமாரிக்குப் பக்கத்தில் வைக்காதே, பால்கனிப் பக்கம் தள்ளி வை. கொச்சி ஈரத்தில் பூச்சியும் பூசணமும் ஒரே வாரத்தில் இடம் மாறும். தாளின் மேல்தோல் அரித்தாற்போல இருந்தால் வெள்ளிமீன் பூச்சி, அதற்கு வேண்டியது பசையும் மாவும். ஊசி குத்தியதுபோல அட்டையிலிருந்து அட்டைக்கு ஓட்டை போயிருந்தால் துளைக்கிற வண்டுப்புழு. ராமபாணம் என்று பெரியவர்கள் சொன்னது இப்படித் துளைப்பதை. ஓட்டையிலிருந்து புதுத்தூள் கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வை. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதே. ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் தாள் வியர்த்து நனையும். பூசணம் பிடித்ததை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, கறை தாளுக்குள் இறங்கும். மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து மெல்லிய பெயின்ட் பிரஷால் தட்டு. நேர் வெயில் வேண்டாம், அட்டை வளையும். கிழிசலுக்கு செலோடேப் போடாதே, சில வருஷத்தில் பசை பழுப்பாகித் தாளையும் சேர்த்துக் கெடுக்கும். மைதா பசைதான் நல்லது. பைண்டிங்காரர்கள் அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராமலிருக்க. அது விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதே.

அலமாரிக்குக் கணக்குப் போட்டுவிட்டு ஆசாரியைக் கூப்பிடு. சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள தாளில் 300 பக்க டெமி அளவுப் புத்தகம் ஒன்று சுமார் 350 கிராம், கனம் ஒன்றரை செ.மீ. ஒரு மீட்டர் நீளத்துக்கு 65 புத்தகம், 23 கிலோ. கெட்டி அட்டையும் பெரிய அளவும் கலந்தால் 35ஐத் தாண்டும். 18 மி.மீ. பிளைவுட்டாக இருந்தால் தாங்கலுக்குத் தாங்கல் 75 செ.மீ.க்கு மேல் விடாதே, தொய்யும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். புத்தகத்தைத் திணிக்காதே, நடுமுதுகைப் பிடித்து உருவ விரல் போகவேண்டும்.

அடுக்குவதற்கு, நூலகங்களில் புத்தகத்தைத் துறைவாரியாகப் பிரிக்கிற டியூயி எண்ணில் முதல் மூன்று இலக்கம் போதும். 340 சட்டம், 523 வானம், 598 பறவை, 610 மருத்துவம், 630 விவசாயம், 641 சமையல், 954 இந்திய வரலாறு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் தந்த கோலன் பகுப்பு இதைவிட நுட்பமானது. ஆனால் அது பெரிய நூலகத்துக்கு. நூற்று நாற்பது புத்தகத்துக்கு அதைப் போட்டால், தேடும் நேரத்தைவிட எண் கட்டும் நேரம் அதிகமாகும். 641ஐச் சமையலறையில் வைக்காதே, எண்ணெய்ப் புகை படும்.

கழிப்பதைக் கொடுக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்: செத்த சட்டநூலையும் முதலுதவி நூலையும் ‘தானம்’ என்று பள்ளிக்கூட நூலகத்தில் கொண்டுபோய்ப் போடாதே, அங்கே அது மறுபடி உயிர்பெறும். 1950க்கு முந்திய தமிழ் நூல் கிடைத்தால் முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். தபாலில் அனுப்ப 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. தரைவழி, 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. ஐந்து கிலோ என்றால் மேலே சொன்ன அளவில் கட்டும் அட்டையும் போகப் பதின்மூன்று புத்தகம். பெட்டியில் படுக்கையாக வை, அல்லது முதுகு கீழே இருக்கும்படி நிறுத்து. முதுகு மேலே இருந்தால் தாள்கட்டு தன் கனத்திலேயே பைண்டிங்கை விட்டுக் கழன்றுவரும்.

மூன்றாவது பெட்டியில் ஓரமாகத் தடித்த ஒன்று தெரிகிறதே, அது கலைக்களஞ்சியம்போல இருக்கிறது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை கொண்டுவந்தது, மொத்தம் பத்துத் தொகுதி. முதுகில் எத்தனையாம் தொகுதி என்று பார்த்து எழுது. ஒன்று இருந்தால் மற்ற பெட்டிகளின் அடியிலும் இருக்கும், மேலே உள்ளதை எடுத்துவிட்டுப் பார்.

அம்மா