ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு: சாயம் கலக்கும் வீட்டுப்பாடம் பற்றி

மரியாதைக்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை உங்கள் பிள்ளைகள் ஆளுக்கு மூன்று சின்ன பாட்டில்களோடு வீட்டுக்கு வருவார்கள். மஞ்சள், ரோஸ், நீலம் என்று மூன்று சாயங்கள். பொடி மூக்கில் ஏறக் கூடாது என்பதற்காகப் பள்ளியிலேயே தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறோம். கூடவே கைக்குட்டை அளவில் நான்கு வெள்ளைப் பருத்தித் துணிகள் இருக்கும். மூன்று சாயங்களையும் விதவிதமாகக் கலந்து, நான்கு துணிக்கும் நான்கு புது நிறம் ஏற்றித் திங்கட்கிழமை கொண்டு வர வேண்டும். எந்த நிறம் என்பது அவர்கள் இஷ்டம்.

சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு சாயத்தைப் பற்றிக் கடிதம் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி தெரியும் என்பதை இங்கே பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அந்தக் கைத்திறமைதான். போன வருடம் இதே வேலையைக் கொடுத்தபோது, வகுப்பில் பாதிப் பேர் அச்சு அசலாக ஒரே கிளிப்பச்சையைக் கொண்டு வந்தார்கள். அழகென்றால் அப்படி ஓர் அழகு. மஞ்சள் எத்தனை மில்லி, நீலம் எத்தனை மில்லி என்று கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. "அப்பா ஊத்துனாரு சார்" என்றார்கள்.

ஒரே ஒரு பெண் சாணி நிறத்தில் ஒரு துணியைக் கொண்டு வந்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். நோட்டில் "மஞ்சள் 8, சிவப்பு 2, நீலம் 2" என்று எழுதியிருந்தாள். அதே அளவில் வகுப்பில் கலந்து பார்த்தோம், அதே சாணி நிறம் வந்தது. அந்தத் துணி இன்றைக்கும் என் அறையில் தொங்குகிறது.

அவள் கேட்ட கேள்வியும் நல்ல கேள்வி. "சிவப்பும் நீலமும் சேந்தா ஊதான்னு படிச்சோமே, எனக்கு மட்டும் ஏன் சார் அழுக்கா வருது?" கோளாறு அவளிடம் இல்லை, நாங்கள் கொடுத்த சிவப்பில் இருந்தது. குங்குமச் சிவப்புக்குள் ஏற்கெனவே மஞ்சள் ஒளிந்திருக்கிறது. அதில் நீலத்தை விட்டால் மூன்று நிறமும் சேர்ந்த மாதிரி ஆகிவிடும். மூன்றும் சேர்ந்தால் பழுப்புதான். அதனால்தான் இந்த வருடம் சிவப்பை விட்டுவிட்டு ரோஸ் கொடுக்கிறோம். கலர் பிரிண்டருக்குள் இருப்பதும் ரோஸ், நீலம், மஞ்சள்தான், கூட ஒரு கறுப்பு. ரோஸில் கொஞ்சம் நீலம் விட்டால் கத்திரிப்பூ நிறம் வரும். ரோஸில் மஞ்சளைக் கூட்டினால் அந்தக் குங்குமச் சிவப்பே வந்துவிடும்.

இன்னொன்றைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் சாயம் வீணாகும், சொல்லிவிடுகிறேன். மஞ்சளில்தான் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலத்தில் மஞ்சளை ஊற்றினால் பாட்டில் காலியாகுமே தவிர பச்சை லேசில் வராது. அளப்பதற்கு இருமல் மருந்து மூடி போதும். அப்புறம், ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம். காய்ந்தால் இரண்டு படி வெளுக்கும்.

செய்முறை எளிது, அடுப்பு வேண்டாம். துணியைக் கஞ்சி போக அலசிவிட்டு, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப் போடுங்கள். ஆப்பச் சோடா வேண்டாம், கடையில் வாஷிங் சோடா என்று கேட்டு வாங்குங்கள். பிழிந்து, கலந்த சாயத்தை ஊற்றி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி இரவு முழுக்க ஈரம் காயாமல் வைத்து, காலையில் தண்ணீர் தெளியும்வரை அலசினால் முடிந்தது. இந்தச் சாயம் சோடா இருந்தால்தான் பருத்தியைப் பிடிக்கும். பாலியஸ்டரில் நிற்காது. வீட்டிலிருந்து வேறு துணி கொடுப்பதாக இருந்தால் அதைப் பார்த்துக் கொடுங்கள்.

சோடா கையை அரிக்கும், ஆகவே கையுறை கட்டாயம். சமையல் பாத்திரத்தைத் தொடக் கூடாது. பழைய சட்டை போட்டுவிடுங்கள். சமையல் மஞ்சள் கறையை வெயிலில் போட்டால் போய்விடும், இந்தச் சாயக் கறை போகவே போகாது. மீந்த சாயத் தண்ணீரைக் கிணற்றோரமோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம், பாட்டிலில் மூடித் திருப்பி அனுப்புங்கள். துளிதானே என்று தோன்றும். நொய்யல் ஆறும் அப்படித் துளித் துளியாகத்தான் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

நீங்கள் பக்கத்தில் இருங்கள், சோடா கரைத்துக் கொடுங்கள். ஆனால் கலக்கும்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். "ஐயோ, அதுல நீலத்த ஊத்தாத" என்று வாய் வரை வரும். ஊற்றட்டும். எத்தனை மூடி என்று மட்டும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் அந்தக் கணக்குக்குத்தான்.

நேற்று இரவு நானும் வீட்டில் செய்து பார்த்தேன், கையுறை இல்லாமல். இந்தக் கடிதத்தின் ஓரத்தில் தெரியும் நீல ரேகை அதனால் வந்தது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்