ஒரு புள்ளிதானே என்று விட முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்வள அட்டையில் பி.எச் (மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்கு மேல் போனால் காரம்) 9.2 என்று வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்ட நெல் விவசாயிக்கு, "8.2 வரை பரவாயில்லை, உங்களுக்கு ஒரு புள்ளிதான் கூடுதல், ஏக்கருக்கு இரண்டு மூட்டை ஜிப்சம் போடுங்கள்" என்று சென்ற இதழில் பதில் தந்திருக்கிறீர்கள். இதை நம்பிச் செலவு செய்தால் அவருக்குப் பணமும் போகும், பயிர்ப் பருவமும் போகும்.

பி.எச் அளவுகோல் மடக்கை அளவுகோல். 1909-ல் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்தது. ஒரு புள்ளி ஏறினால் அமிலத் தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி பத்தில் ஒரு பங்காகக் குறையும், காரத் தன்மை தரும் ஹைட்ராக்சில் அயனி பத்து மடங்காகும். 7.2-லிருந்து 9.2-க்குப் போனால் நூறு மடங்கு. மண்ணில் இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்புச் சத்து எவ்வளவு இருந்தாலும் பி.எச் பெரும்பாலும் 8.4 பக்கத்தில் நின்றுவிடும். 9-ஐத் தாண்டியிருந்தால் அங்கே சோடியம் கார்பனேட் இருக்கிறது, அது களர் நிலம். சோடியம் ஏறிய களிமண் துகள்கள் ஒட்டாமல் பிரிந்து துளைகளை அடைத்துவிடும். மழை பெய்து நாளானாலும் வயலில் தண்ணீர் கலங்கலாகவே நிற்பது இதனால்தான். காய்ந்தபின் மேலே கறுப்பாகப் படிவது காரத்தில் கரைந்த மட்கு.

ஜிப்சம் அமிலமல்ல, அமிலத்தைப் போல் அது காரத்தை முறிப்பதில்லை. அதிலுள்ள கால்சியம் களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரில் கரைந்து நிற்கும். அந்தத் தண்ணீரை வடிகாலில் இறக்கிவிடாவிட்டால் சோடியம் வயலிலேயே தங்கிவிடும். பதிலில் வடிகாலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் பெரிய குறை. வரப்பு கட்டி, ஜிப்சத்தைச் சீராகத் தூவி உழுது, நல்ல தண்ணீர் தேக்கி வடிக்க வேண்டும். ஒரு தடவை போதாது. பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் சமயம் மடக்கி உழலாம்.

எத்தனை மூட்டை என்பதை பி.எச்சை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. டம்ளரில் கொதிக்கும் நீருக்கும் அண்டாவில் கொதிக்கும் நீருக்கும் சூடு ஒன்றுதான். ஆற வைக்க ஆகும் நேரம் ஒன்றா? ஒரே 9.2 காட்டும் மணல்சாரி மண்ணைவிடக் களிமண் பல மடங்கு சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கென்று ஜிப்சம் தேவைப் பரிசோதனை தனியாக இருக்கிறது.

அந்த 9.2 சரியான அளவுதானா என்பதையும் கேட்டிருக்க வேண்டும். 10 கிராம் மண்ணுக்கு 25 மில்லி வாலைவடிநீர் விட்டு, அவ்வப்போது கலக்கி, அரை மணி நேரம் கழித்துப் பார்ப்பது முறை. போர் தண்ணீர் விட்டால் அதிலுள்ள பைகார்பனேட்டும் சேர்ந்தே அளவில் வரும். கருவியை, பி.எச் மாறாமல் நிற்கும் 7.0, 9.2 தாங்கல் கரைசல்களில் சரிபார்த்திருக்க வேண்டும். கருவியில் கரைசலுக்குள் தோய்க்கும் மின்முனையை வாலைவடிநீரிலேயே ஊற வைத்தால் அதன் உள்ளிருக்கும் உப்பு கசிந்து அளவு தள்ளாடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். பயிர் நன்றாக வரும் இடத்து மண்ணையும் சொட்டையான இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால், இரண்டுக்கும் பொருந்தாத ஓர் எண்தான் வரும்.

கருவி இல்லாதவர்கள் மஞ்சளைப் பயன்படுத்தலாம். வெள்ளைச் சட்டையில் பட்ட குழம்புக் கறை சோப்புப் பட்டதும் சிவப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். மஞ்சள் கரைசலில் நனைத்து உலர்த்திய வெள்ளைத் தாளில், மண்ணைக் கரைத்துத் தெளிய வைத்த நீரை ஒரு சொட்டு விடுங்கள். செம்பழுப்பாக மாறினால் களராக இருக்கலாம். எண் சொல்லாது, ஆய்வகத்துக்கு எந்த மூலை மண்ணை எடுக்கலாம் என்று காட்டும்.

சீர்திருத்தம் முடியும்வரை அவர் திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் ரகங்களை நடலாம். காரத்தில் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காது. துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவட்டும், சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்க வேண்டாம்.

அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள். அவர் ஜிப்சம் வாங்கும் முன் அது கையில் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மண் ஆய்வக வேதியியலாளர் ஒருவர்,
திருச்சி மாவட்டம்