அந்தக் கூட்டங்கள் வீண் இல்லை

அன்பு மகளுக்கு,

ஒட்டுண்ணிக்கு மருந்து தேடுகிற உன்னை, பொறியாளரோடும் மானுடவியல் படித்தவரோடும் மணிக்கணக்காக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள், வேலை கெடுகிறது என்று அலுத்துக்கொண்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஓடுகிற செனகல் ஆற்றில் 1986-ல் டியாமா அணையைக் கட்டி முடித்தார்கள். கடலின் உப்பு ஆற்றுக்குள் ஏறக்கூடாது, பாசனத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும். இரண்டும் நடந்தன. ஆனால் உப்பில்லாத அந்தத் தண்ணீரில் நத்தைகள் பெருகின, அவற்றைத் தின்கிற ஆற்று இறால்கள் இனப்பெருக்கத்துக்காகக் கழிமுகத்துக்குப் போய்வருகிற வழியையும் அணை அடைத்துவிட்டது. சில வருடங்களுக்குள் அந்த ஆற்றங்கரையிலுள்ள ரிஷார் டோல் ஊரில், நத்தை வழியாகப் பரவும் புழு நோயான சிஸ்டோசோமியாசிஸ் வெடித்தது. நத்தையிலிருந்து வெளியேறும் அந்தப் புழு, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், உனக்குத் தெரியாததா. பிராசிகுவான்டெல் மருந்து கொடுத்தால் உடம்பில் இருக்கும் புழு சாகும், சரி, ஆனால் துவைக்கவும் குளிக்கவும் மறுநாளே அதே தண்ணீரில்தானே இறங்க வேண்டும்?

பிற்பாடு சூழலியல்காரர்கள் அங்கே நத்தைகள் ஒண்டியிருக்கும் நீர்ச்செடிகளை அள்ளி வெளியே போட்டார்கள். அப்படிச் செய்த ஊர்களில், மருந்து சாப்பிட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு மறுபடி தொற்றுவது குறைந்தது. அள்ளிய செடி வயலுக்கு உரமாகவும் ஆடுமாடுகளுக்குத் தீவனமாகவும் போனது. மருந்து மட்டும் தெரிந்த ஒருவருக்கு இந்த யோசனை வந்திருக்குமா, சொல்.

எபோலாவிலும் இதே கதைதான், அங்கே விலை இன்னும் அதிகம். 2014-ல் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் இறந்தவரின் உடலைக் கழுவி அடக்கம் செய்யும்போது நோய் தொற்றியது. மருத்துவக் குழுக்கள் உடலைப் பையில் கட்டி எடுத்துப்போனதும் சனங்கள் பயந்து, நோயாளியையும் பிணத்தையும் ஒளித்துவைத்தார்கள். அப்புறம் மானுடவியலாளர்களும் மதத் தலைவர்களும் உட்கார்ந்து பேசித்தான், குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம் என்று முறையை மாற்றினார்கள். பதினோராயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த மானுடவியலாளர்களை முதல் நாளே கூப்பிட்டிருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

அதனால் அந்தப் பொறியாளர் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைந்து காட்டும்போது போனைப் பார்க்காதே. புரியாததைக் கேள், அவருக்குப் புரியாததை நீயும் பொறுமையாகச் சொல்லிக்கொடு.

இன்னொன்று. குழுவில் இருப்பவர்களை எல்லாம் சொன்னாய், நீங்கள் வேலை செய்கிற ஊரின் நர்ஸ்கள், தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போகிற பெண்கள் யாராவது உங்களோடு உட்காருகிறார்களா? அதைச் சொல்லவே இல்லையே. இல்லையென்றால் திட்டம் எழுதி முடிக்கும் முன்னாலேயே கேட்டுச் சேர்த்துக்கொள், அவர்கள் நேரத்துக்கும் பணம் ஒதுக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா