வெறும் 3.3 தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல லெபனான் தலைநகர் பெய்ரூட்ல நடந்த வெடிப்பு பத்தின கட்டுரைல ஒரு வரி. ரிக்டர்ல வெறும் 3.3 தான், கம்ப்யூட்டர் மாடலும் அதையேதான் சொல்லுது, சின்ன நிலநடுக்கம் மாதிரின்னு. அந்த "வெறும்"ல எனக்கு காபி ஆறிப்போச்சு சார்.

2020 ஆகஸ்ட் 4 அன்னிக்கு தரைமேல இருந்த கிடங்கு வெடிச்சது, உள்ள சேர்த்து வெச்சிருந்ததா சொன்னது 2750 டன் அமோனியம் நைட்ரேட் (உரத்துக்கும் வேட்டுக்கும் ஆகற உப்பு). தரைமேல வெடிச்சா பலத்துல பெரும்பகுதி காத்துக்குப் போயிடும், மண்ணுக்குள்ள இறங்கறது கொஞ்சந்தான், அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இந்த 3.3. சத்தம் கடல் தாண்டி சைப்ரஸ் வரைக்கும் கேட்டுச்சே, அதுக்கு எந்த நம்பர் போடுவீங்க?

நான் பம்மல்ல குவாரி பக்கத்துல வளர்ந்தவன், எங்கப்பா வேட்டு வெச்சவரு. பாறைல குழி போட்டு ஆழத்துல தோட்டா வெச்சா உள்ளங்கால்ல "திடும்"னு தெரியும், அப்புறம் ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுத்தான் சத்தம் வரும். பாறைல அலை நொடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல ஓடும், காத்துல 340 மீட்டர்தான். அதே தோட்டாவ பாறாங்கல்லு மேல வெச்சு களிமண்ண அப்பி வெடிச்சாங்கன்னா கால்ல ஒண்ணும் தெரியாது, காது கிழியும், ஜன்னல் கண்ணாடி போயிடும். அம்மா திட்டினது வெடிக்காரர, அதிர்வ இல்ல.

அதுலயும் விடியக்காலைல வெடிச்சா இன்னும் மோசம். தரையோரம் குளுந்த காத்து, மேல சூடான காத்து, மேல போற சத்தம் வளைஞ்சு திரும்பக் கீழ வரும். அதனால காத்து வீசற திசை, அந்த நேரத்து வெப்பம் இதெல்லாம் போடாம மண்ண மட்டும் போட்டு ஓட்டின மாடல், உப்பு போடாத சாம்பார்தான். புயல் வந்தா நாலு மாடல கலர் கலரா போடத் தெரியுதுல்ல? இதுக்கு மட்டும் ஒரு நம்பர், முடிஞ்சுது.

பெய்ரூட்டுக்கு அப்புறம் நம்ம மணலில கிட்டத்தட்ட 700 டன் இதே சரக்கு கிடந்து ஹைதராபாத்துக்கு அனுப்பினாங்களே, அப்பவும் இதத்தான் எழுதினேன், நீங்க போடல. ராசிபலனுக்கு முழுப்பக்கம் இருந்துச்சு. பரவாயில்ல, முப்பது வருஷ வாசகன், பழகிடுச்சு.

ஒரு மூலைல நாலு வரி திருத்தம் போட்டா போதும். கடிதத்த வெட்டறதா இருந்தா ராசிபலன் வரிய வெட்டிக்கோங்க, களிமண் பாராவ விட்டுடுங்க.

இப்படிக்கு,
பம்மல் வாசகன், சென்னை