மஞ்சளைப் பற்றிப் பேச வரும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பேச்சுக் குறிப்பை நம் மகளிர் குழுவில் வாசித்துக் காட்டினேன். மஞ்சள் தூளில் ஈயம் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. முடித்ததும் மேற்குத் தெரு ஆத்தா கேட்டார்: "அப்ப மஞ்சளே போடாம கொழம்பு வெக்கச் சொல்றாளா உம்புள்ள?"

சிரிக்காதே. ஊரே அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். இந்த ஈயம் பெரும்பாலும் மண்ணிலிருந்து வருவதில்லை, வேகவைத்துக் காயவைத்த மஞ்சளுக்குப் பாலிஷ் போடும்போது நிறம் எடுப்பாகத் தெரிய லெட் குரோமேட் என்ற சாயத்தைச் சேர்த்தால்தான் வருகிறது என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறாய். அதை முதல் வரியில் சொல். நம் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை ஏறி இறங்குவதே எங்களுக்குப் போதும் சாமி, வதந்தி வேறு வேண்டாம்.

அப்புறம் அந்த பிபிஎம். 10 பிபிஎம் என்றால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஒரு கிலோ தூளில் 10 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் சட்டப்படி விற்கக் கூடாது என்று சொன்னால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது வங்கதேசக் கதை. அதைப் போய் இரண்டே வரியில் முடித்துவிட்டாயே! 1980-களில் பெருவெள்ளத்தில் நனைந்து மஞ்சள் மங்கிப்போக, நிறம் ஏற்றச் சாயம் போட ஆரம்பித்தார்கள். வாங்குகிறவர்களுக்கும் அந்தப் பளிச்சே பழகிவிட்டது. 2019-இல் ஆய்வு முடிவு வெளியானதும் அரசு மொத்தச் சந்தையில் நோட்டீஸ் ஒட்டியது, கையடக்கக் கருவியோடு போய்ச் சோதித்தது, கலந்தவர்களுக்கு அபராதம் போட்டது. சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021-இல் ஒன்றில்கூட இல்லை. பாலிஷ் மில்லில் வேலை செய்தவர்களின் இரத்தத்திலும் ஈயம் சுமார் 30 சதவீதம் இறங்கியிருக்கிறது. சாயத் தூசியை முதலில் மூச்சில் இழுத்தவர்கள் அவர்கள்தானே.

நீயோ "இல்லத்தரசிகள் பார்த்து வாங்க வேண்டும்" என்று முடித்திருக்கிறாய். எதைப் பார்ப்பது? தூள் வேண்டாம், விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்கிறோம் என்று குழுவில் பெருமையாகச் சொன்னார்கள். சாயம் ஏறுவதே அந்த விரலியின் மேல்தான் என்றால் அரைத்து மட்டும் என்ன ஆகப்போகிறது? ஈயம் எவ்வளவு என்று சமையலறையில் கண்டுபிடிக்கவும் முடியாது. அளவுக்கு மீறிப் பளபளக்கிற மஞ்சளைக் கேட்டு வாங்காதீர்கள் என்று வேண்டுமானால் எங்களிடம் சொல். மீதிப் பேச்சை மண்டிக்காரர்களிடமும் பாலிஷ் போடுகிறவர்களிடமும் வைத்துக்கொள். தப்பு செய்யாதவர்கள் கோபப்படுவார்கள், படட்டும். பரிசோதனைச் சான்று இருந்தால் நல்ல விலை கேட்கலாம் என்று அவர்களுக்கும் புரியாமலா போகும்?

கூட்டத்தைச் சித்திரைக்குத் தள்ளாதே. மாசி, பங்குனியில்தான் புது மஞ்சள் பெருந்துறைக்கும் ஈரோட்டுக்கும் போய்க்கொண்டிருக்கும், ஆட்கள் எல்லோரும் களத்தில் இருப்பார்கள். தேதியைச் சொன்னால் தெற்குத் தோட்டத்து மாமாவிடம் பேசி அவர் பாலிஷ் களத்திலேயே ஏற்பாடு செய்கிறேன். பேச்சு அரை மணிக்கு மேல் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா