ட்வின் சிக்ஸ் வாங்குமுன்

அன்பு மகளுக்கு,

பேக்கார்டு என்ற பழைய அமெரிக்கக் கம்பெனியின் ட்வின் சிக்ஸ் டூரிங் கார் (துணிக்கூரை போட்ட திறந்த வண்டி) ஒன்று ஒஹாயோவில் விலைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். படத்தில் மின்னும் பெயிண்டைப் பார்த்து முடிவு செய்யாதே. அந்த வண்டியின் பெருமை முழுவதும் பானட்டுக்குள்ளே இருக்கிறது.

1914-இல் காடிலாக் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. அடுத்த ஆண்டே டெட்ராயிட்டில் பேக்கார்டின் பொறியாளர் ஜெஸ்ஸி வின்சென்ட் பன்னிரண்டு சிலிண்டரை வைத்துவிட்டார். ஆறாறாக இரண்டு வரிசை, நடுவே 60 டிகிரி. சிலிண்டர் விட்டம் 3 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 5 அங்குலம்; மொத்தம் 424 கன அங்குலம், ஏறத்தாழ 7 லிட்டர். ஆறு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் 120 டிகிரி சுற்றினால் ஒரு தள்ளு கிடைக்கும். இதில் 60 டிகிரிக்கு ஒன்று. பிஸ்டனும் சிறியது, எடை குறைவு. அதனால் டாப் கியரிலேயே நடை வேகத்துக்கு இறக்கி, திரும்ப மிதித்தால் குலுங்காமல் இழுக்கும். ஒவ்வொரு கியருக்கும் டபுள் கிளட்ச் போட, அதாவது கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டியிருந்த காலத்தில், கியரைத் தொடாமல் ஊருக்குள் ஓட்ட முடிந்ததுதான் உண்மையான சொகுசு. தோல் இருக்கையை எந்தக் கம்பெனியும் கொடுத்திருக்கும்.

ஃபோர்டு மாடல் டி டூரிங் 440 டாலருக்குக் கிடைத்தபோது இதன் விலை 2,600 டாலரில் தொடங்கியது. 1921-இல் பதவியேற்புக்குக் காரில் போன முதல் அமெரிக்க ஜனாதிபதியான ஹார்டிங் ஏறியதும் ட்வின் சிக்ஸில்தான். 1923 வரை செய்தார்கள்.

முதலில் எந்த வரிசை (சீரிஸ்) வண்டி என்று கேள். முதல் வரிசையில் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் தனியாகக் கழலாது, பிளாக்கோடு சேர்த்து வார்த்தது. வால்வு வேலை பெரும்பாடு. இரண்டாம் வரிசையிலிருந்து கழற்றலாம். என்னைக் கேட்டால் இரண்டாம் வரிசைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

நீ போகும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவை. போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டின் கீழ்ப்பகுதியை டார்ச் அடித்துப் பார். பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து விரிந்தால் வார்ப்பிரும்பு கீறும்; அந்த இடத்தில் பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் கீறல் உள்பக்கம். அப்படியானால் பேரம் பேசாதே, திரும்பி வந்துவிடு.

பன்னிரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அழுத்தும் காற்றின் அழுத்தம், பார்க்கச் சொல். பழைய பிளக் மரைக்கு அடாப்டர் தேவைப்படும். எண் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒரு சிலிண்டர் பின்தங்கினாலே அந்த வழவழப்பு போய்விடும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் சாம்பல் நிறச் செதில் கிடந்தால், பாபிட் என்ற மென்உலோகம் வார்த்த பேரிங் உதிர்கிறது. அதை உருக்கி வார்த்துக் கடைந்து பொருத்தும் ஆட்கள் இன்று குறைவு, செலவும் கடுமை.

சக்கரங்களின் ஆரக்கால்கள் மரம். ஜாக்கி ஏற்றி, மேலும் கீழும் பிடித்து அசை. 'டொக்' என்று கேட்டால் ஆட்டம் பேரிங்கிலா ஆரக்காலிலா என்று பிரித்துப் பார். தண்ணீரில் ஊறவைத்து இறுக்கித் தருகிறேன் என்பார்கள். மரம் காய்ந்ததும் பழையபடி தளரும், உளுத்தும் போகும்.

பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் தடுத்து இறங்கு. முன்வண்டிக்கு நிறைய இடம் விடு. எஞ்சினின் உறிஞ்சலால் பெட்ரோலை இழுக்கும் வாக்குவம் டேங்க் உள்ள வண்டியானால், நீண்ட ஏற்றத்தில் முழுவதும் மிதித்தபடியே போனால் உறிஞ்சும் விசை குறைந்து பெட்ரோல் வராது. இடையிடையே காலைத் தளர்த்தினால் டேங்க் நிரம்பிக்கொள்ளும்.

எத்தனால் கலக்காத பெட்ரோல்தான் போட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் கார்க் மிதவைக்குப் பூசிய அரக்கை எத்தனால் கரைத்துவிடும். கார்க் ஊறி மூழ்கி, கார்புரேட்டர் வழியும். மின்சாரம் 6 வோல்ட், கரண்ட் அதிகம் ஓடும், ஆகவே ஸ்டார்ட்டருக்குத் தடித்த கேபிள் வேண்டும். மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு பேட்டரியைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

முடிவெடுக்குமுன் டேட்டனில் உள்ள பேக்கார்டு மியூசியத்துக்கு ஒருமுறை போய் வா. பழைய பேக்கார்டு ஷோரூமிலேயே நடத்துகிறார்கள். வண்டியின் எண் தகட்டையும் அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. வரிசையைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா